அறுவை வணிகர் ஈந்த பள்ளி

மதுரைக்கு வடக்கே, அழகர்மலைத் தொடரின் ஓரத்தில், கிடாரிப்பட்டி என்னும் சிற்றூரை ஒட்டி ஓர் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. மேலே ஏறிச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவன பாறைத் தரையில் வரிசையாக வெட்டப்பட்ட படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதிருக்கும்பொருட்டுக் குகையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு செதுக்கப்பட்டுள்ளது. அப்பாறையில் பழந்தமிழ் எழுத்துகளில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர்களை விடவும் அவற்றோடு சேர்ந்து நிற்கும் தொழிற்பெயர்களே வியப்பளிப்பன. ஒருவன் உப்பு வணிகன். ஒருவன் பாணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்பவன். ஒருவன் ஏர்க்கொழு விற்பவன். ஒருவன் மதுரைப் பொற்கொல்லன். ஒருவன் அறுவை வணிகன், துணி விற்பவன். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்று ஐராவதம் மகாதேவன் போன்ற கல்வெட்டறிஞர் கணிக்கும் இவ்வெழுத்துகள், மதுரைக் கடைத்தெருவின் பெயர்ப்பட்டியல் ஒன்றை மலைமேல் ஏற்றி வைத்ததுபோல் இருக்கின்றன.

இவ்வணிகர்கள் எதற்காக மலை ஏறினார்கள்? இல்லறத்தைத் துறந்து, ஊர் ஊராக நடந்து, மழைக்காலத்து நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்கி ஓதியும் ஓதுவித்தும் வாழ்ந்த நிர்க்கிரந்தத் துறவியருக்கு இடம் அமைத்துக் கொடுக்கவே ஏறினார்கள். இடம் என்பது ஒரு கற்படுக்கை. அக்காலத் தமிழில் அதற்குப் பெயர் பள்ளி. படுக்கை என்ற பொருளில் வழங்கிய சொல், அறவோர் உறையும் இடத்தைக் குறித்து, பின்னர் அவர்கள் கற்பித்த இடத்தையும் குறித்து, இன்று தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் நாள்தோறும் சொல்லும் சொல்லாகிவிட்டது. கற்க வந்தவனுக்கு முதலில் வேண்டியது படுக்க ஓர் இடம் என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அயல்நாட்டுக் கல்விக்குப் பொருளுதவி செய்யும் அறக்கட்டளைகள் இன்று மாணவர்க்குத் தரும் தொகையில் கல்விக்கட்டணத்திற்கு அடுத்த பெரும்பகுதி தங்குமிடத்திற்கும் உணவிற்குமே போகிறது. கிடாரிப்பட்டிக் குகையில் கையொப்பமிட்ட துணி வணிகனுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் இத்தகைய கொடைகள் பல. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றில், 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த கல்வெட்டுகளில், பாண்டியன் நெடுஞ்செழியனைச் சார்ந்த ஒருவன் கணி நந்தாசிரியனுக்குப் பள்ளி அமைத்த செய்தி உள்ளது. அதே குன்றில் வெள்ளறை நிகமத்தாரும் தம் கொடையைப் பொறித்துள்ளனர். நிகமம் என்பது வணிகர் கூட்டவை. அரசனைச் சார்ந்தோர் ஒருபுறமும் வணிகர் சங்கம் ஒருபுறமுமாக ஒரே ஆசிரியர் குழுவிற்குத் துணைநின்ற இக்குன்று, கூட்டாகச் செய்யும் அறத்திற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று. கொங்கர் புளியங்குளத்தில் குகைமுகப்பில் கூரை வேய்ந்து தந்தவரின் பெயர் உண்டு. திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டொன்று எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. கடலுக்கு அப்பால் வேர் கொண்டவனும் மதுரைக் குன்றில் கற்றோர்க்குப் படுக்கை அமைத்திருக்கிறான்.

அக்காலத்தில் கல்விக்காக நெடுவழி நடந்தோர் சென்றடைந்த ஊர் மதுரை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலன் கண்ணகியோடு புறப்படுவதற்குச் சொல்லும் காரணம் நினைக்கத்தக்கது. மாசற்ற கேள்வியுடையோர் உரைக்கும் அறத்தைக் கேட்கவும் அறிவனை ஏத்தவும் மதுரைக்குச் செல்லும் எண்ணம் தமக்கு முன்பே இருந்தது என்கிறார் அவர். வழித்துணையாக வந்தவர் என்றே பலரும் அவரை நினைக்கின்றனர். உண்மையில் அவர் மேற்கல்விக்குப் புறப்பட்ட முதுபெண்டு. அதே காப்பியம் மதுரையின் அறுவை வீதியையும் விடாமல் காட்டுகிறது. கௌடிலியரின் பொருள் நூல் சிறந்த பருத்தித் துணிகள் விளையும் இடங்களை வரிசைப்படுத்துகையில் மதுரையை முதலில் வைக்கிறது என்று அறிஞர் பலர் கொள்வர். துணியால் செல்வமும், செல்வத்தால் பள்ளியும், பள்ளியால் அயலூர் மாணாக்கரும் என்று இந்நகரம் வளர்ந்தது. தேவசேனரின் தரிசனசாரம், வச்சிரநந்தி என்பவர் மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று கூறுகிறது. அது குறிக்கும் விக்கிரம ஆண்டு 526, கி.பி. 470ஐ ஒட்டியது. கன்னட நாட்டிலும் பின்னாளில் திராவிட சங்கத்து முனிவர்கள் கல்வெட்டுகளில் தோன்றுகின்றனர்.

கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் காட்சி இன்னும் தெளிவாகிறது. மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் சமவெளியில் குறண்டி என்னும் ஊர் உண்டு. பாண்டிய நாட்டின் வெண்பு நாட்டைச் சேர்ந்த அவ்வூரில் திருக்காட்டாம்பள்ளி என்றொரு பெரும்பள்ளி இருந்தது. இன்று அங்கு நிற்பது எதுவும் அதன் பெருமையைச் சொல்லப் போதாது. ஆயினும் குறண்டியில் பயின்றோரும் பயிற்றியோரும் பிற ஊர்களில் விட்டுச் சென்ற எழுத்துகளைக் கொண்டே அப்பள்ளியின் பரப்பை அளக்கலாம். கீழக்குயில்குடிச் சமணமலையிலும், தெற்கே கழுகுமலையிலும் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. பெயரைச் சொல்லும் முறையும் ஒரே சீரானது: இன்னாரின் மாணாக்கர் இன்னார், அவர் மாணாக்கர் இன்னார். தந்தை பெயர் வரவேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயர் வருகிறது.

அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம், கருங்காலக்குடி முதலிய இடங்களிலும், தெற்கே சிதறாலிலும், வடக்கே வேலூர்ப் பக்கத்து வள்ளிமலையிலும் காணப்படுகிறது. சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில், சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக நிற்கும் திருமேனிகளுள் ஒன்று அவர் தாயார் குணமதியார் செய்வித்தது. மகன் அறம் கற்று நாடெங்கும் சென்றுவிட, தாய் தம் பெயரில் ஒரு திருமேனியைச் செய்வித்து வைத்தார். பிள்ளையைத் தொலைதூரம் படிக்க அனுப்பிய வீடுகளில் அக்கல்வெட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இத்தனை ஆசிரியரும் மாணாக்கரும் எதனால் உண்டு வாழ்ந்தனர் என்பதற்கும் சான்று கல்லில் உள்ளது. பழனியை அடுத்த ஐவர்மலையில் சக ஆண்டு 792க்கு, அதாவது கி.பி. 870க்கு உரிய வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் காளத்துச் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் திருவுருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டு அவிக்கும் ஓர் அடிகளுக்கு உணவிற்குமாக 505 காணம் பொன்னை முதலாக வைத்தார். முதல் கரையாது, அதன் பயனால் ஆண்டுதோறும் ஒருவர் உண்பார். எத்தனை பேருக்கு என்று வரையறுத்து, அதற்குப் போதுமான முதலை ஒதுக்கி, அதைப் பொதுவிடத்தில் எழுதி வைக்கும் இம்முறை, இன்றைய கல்வி அறக்கட்டளைப் பத்திரத்தின் முறையே. கழுகுமலையில் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியருக்கு உணவளிக்க விடப்பட்ட கொடையும் இவ்வகையது. அங்கே சோறு வெறும் சோறன்று. பாடம் சொல்வதற்கான படி.

பெண்கள் கற்றதும் கற்பித்ததும் இதில் அடங்கும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் மாணாக்கரோடு குறிக்கப்படுகின்றனர். தமிழ்ச் சமணர் இன்றும் செறிந்து வாழும் வந்தவாசி வட்டாரத்தின் வேடலில், ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கரையும் பேசுகிறது. அவர்களுக்கும் 400 பெண் துறவியருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. அவ்வூர்ச் சிராவகர்கள் குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவூட்டுவதாக ஏற்றுக்கொண்டனர். கொடை என்பது எப்போதும் இனிதாக நடந்தது என்று எண்ண வேண்டா. மாணாக்கர் பெருகினால் பங்கீட்டில் பிணக்கு வரும். அதைத் தீர்ப்பதும் கொடுப்போர் கடமையுள் சேர்ந்தது.

இவ்வளவையும் பதிந்த கற்கள் ஒன்றை மட்டும் பெரும்பாலும் பதியவில்லை. பேச்சிப்பள்ளத்துப் பார்சுவநாதரின் தலைமேல் விரிந்த பாம்பின் படங்களைச் செதுக்கிய உளியாளன் யார்? கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட திருமேனிகளை ஒரே பாறைச் சுவரில் அளவு பிசகாமல் வரிசைப்படுத்தத் திட்டமிட்டவன் யார்? செய்வித்தவர் பெயர் உண்டு. அவரை உருவாக்கிய ஆசிரியர் பெயர் உண்டு. செய்தவன் பெயர் அரிது. ஓதுவோர்க்குக் கொடுப்பது ஞானதானம் என்று தெளிவாக அறிந்திருந்த சமூகம், உருவம் அமைப்போன் கற்கும் கல்வியைத் தானத்திற்குரியதாகக் கருதவில்லை. அது குலத்தொழிலாக, தந்தையிடமிருந்து மகனுக்குத் தானே வந்து சேர்வதாக விடப்பட்டது. வடிவமைப்புக் கல்வி என்று இன்று சொல்லப்படுவதற்கு அறக்கட்டளைகளின் கதவு தாமதமாகவே திறந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சமண வணிகரின் கல்விக்கொடை புதிய காலத்தில் மீண்டும் பெருகியது மேற்குக் கடற்கரையில், அதுவும் பருத்தியின் வழியாகத்தான். சூரத்தில் பிறந்த பிரேம்சந்து இராய்சந்து 1860களில் பருத்தி வணிகத்தால் பெரும் பொருள் ஈட்டிப் பம்பாய், கல்கத்தா ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கும் வாரி வழங்கினார். கல்கத்தாவில் அவர் பெயரிலான உதவித்தொகை தலைசிறந்த மாணவரின் அடையாளமாயிற்று. பம்பாயில் 1878இல் எழுந்து முடிந்த மணிக்கூண்டு அவர் தாயார் இராஜாபாயின் பெயரைத் தாங்குகிறது. கண்பார்வை குன்றிய அந்த அம்மையார் பொழுது சாய்வதற்கு முன் உணவு கொள்ளும் நோன்பை வழுவாமல் காக்க மணியோசை உதவியது என்று சொல்வதுண்டு.

ஆயினும் கடல் கடந்து கற்பது வேறு செய்தி. 1893இல் சிகாகோ சமயப் பேரவைக்குச் சமணத்தின் சார்பில் வீர்சந்து காந்தி சென்றபோது, கடல் கடத்தல் ஆசாரக்கேடு என்று அவருடைய சமூகத்தினருள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அவரை அனுப்பிய ஆசாரியர் ஆத்மாராமர் உறுதியாக நின்றதால்தான் அப்பயணம் நிறைவேறியது. அதற்கு ஓராண்டு முன்பே, 1892இல், பார்சி வணிகரான ஜம்சேட்ஜி டாட்டா அயல்நாட்டு மேற்கல்விக்கென்று ஒரு நிதியம் ஏற்படுத்தியிருந்தார். அதன் முறை கவனிக்கத்தக்கது. உதவி கடனாகத் தரப்பட்டது. கற்றுத் திரும்பியவர் செலுத்தும் பொருளில் அடுத்தவர் புறப்பட்டார். முதலில் உதவி பெற்றவருள் இருவர் பெண் மருத்துவர்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் இலண்டனில் பயின்றதும் டாட்டா உதவியால்தான். விஜயவல்லப சூரியின் தூண்டுதலால் 1915இல் பம்பாயில் தொடங்கிய மகாவீர ஜைன வித்யாலயம் விடுதியும் கடனுதவியுமாக இதே நெறியில் நடந்தது. ஐவர்மலையின் 505 காணமும் கரையாத முதல்தான் என்றாலும், பெற்றவரே அடுத்தவர்க்குக் கொடுப்பவராக மாறும் ஏற்பாடு இதில் புதிது.

இந்நிதிகள் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கின. உருவம் அமைப்போனின் முறை வந்தது மீண்டும் ஒரு துணி வணிகக் குடும்பத்தால். அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு உரிய சாராபாய் குடும்பத்தார் சமணர்கள். அம்பாலால் சாராபாயின் மக்களுள் விக்ரம் சாராபாயை விண்வெளி ஆய்வின் வழியாக நாடறியும். உடன்பிறந்த கௌதமும் கீராவும் அவ்வளவு அறியப்படாதவர்கள். கீரா அமெரிக்காவில் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டிடம் பயின்றவர். இருவரும் 1949இல் காலிகோ துணி அருங்காட்சியகத்தை நிறுவினர். அதற்கு வித்திட்டது ஆனந்த குமாரசாமி கௌதமுக்குச் சொன்ன யோசனை. திருப்பரங்குன்றத்து ஈழக் குடும்பிகனுக்குப் பின் ஈராயிரம் ஆண்டு கழித்து, ஈழத்தில் பிறந்த ஒரு தமிழ் அறிஞர் ஒரு துணி வணிகரிடம் கற்றலுக்கு ஓர் இடம் கேட்டார் என்று இதனைப் படிக்கலாம். தென்னாட்டு ஓவியத் துணிகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லசு ஈம்சு, ரே ஈம்சு இணையர் நாடெங்கும் சுற்றி ஓர் அறிக்கை எழுதினர். இந்தியப் பொருள்களுள் தாம் கண்டு வியந்தவற்றுள் மிக அழகியது எளிய செம்புப் பாத்திரமே என்று அதில் அவர்கள் விவரிக்கின்றனர். தனி ஒருவர் அன்றிப் பல தலைமுறைகள் சேர்ந்து வடித்த வடிவம் அது என்பது அவர்கள் கருத்து. கழுகுமலையின் பெயரற்ற உளியாளனுக்கு அயலார் செலுத்திய மரியாதை என்றே அதனைக் கொள்ளலாம். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அகமதாபாத்தில் தோன்றியது. அரசு நிறுவியது, போர்டு அறக்கட்டளை உதவியது, வழிநடத்தியவர்கள் கௌதமும் கீராவும். தொடக்க ஆண்டுகளில் அயல்நாட்டு வல்லுநர்கள் இங்கு வந்து கற்பித்ததோடு, இங்குள்ள இளம் ஆசிரியர்களும் ஐரோப்பியப் பள்ளிகளில் பயின்று திரும்பினர். மகேந்திர படேல் சுவிட்சர்லாந்தின் பாசலில் பயின்று, பாரிசில் எழுத்துரு அறிஞர் பிரூட்டிகரோடு பணியாற்றி, இந்திய எழுத்துகளின் வடிவமைப்புக்கே வாழ்நாளைத் தந்தார்; 2010இல் மைன்சு நகரம் அவருக்குக் குட்டன்பர்கு பரிசு அளித்தது. நிறுவனத்தின் தொடக்ககாலத் தூண்களுள் ஒருவரான தசரத படேல் குஜராத்தில் பிறந்தவர் என்றாலும், கலை பயின்றது சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில், தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம், அதன்பின் பாரிசு. சென்னை வழியாகப் பாரிசுக்கும், பாரிசு வழியாக அகமதாபாத்துக்கும் சென்ற அப்பாதை, ஒரே குருகுலத்தில் கலைக்கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதைக் காட்டும்.

அதன்பின் வந்த நிதியங்கள் சில கலைக்கும் வடிவமைப்புக்கும் நேரடியாகவே இடம் தந்தன. இந்து சிவதாசானி 1976இல் ஏற்படுத்திய இன்லாக்சு அறக்கட்டளையும், 1981இல் தோன்றிய சார்லசு வாலசு இந்திய நிதியமும் இந்திய இளைஞரை வெளிநாட்டுக் கலைப்பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றன. இலண்டன் அரச கலைக்கல்லூரி போன்ற இடங்களில் ஆகும் செலவு, நெல்லும் நிலக்கடலையும் விளையும் சிற்றூர்க் குடும்பத்திற்கு எட்டாதது. தமிழ்ச் சமண அறநிலையங்கள் பள்ளிக்கட்டணத்திற்கும் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் உதவுவதில் குறை வைத்ததில்லை. ஆனால் விண்ணப்பத்தில் துணி வடிவமைப்பு என்றோ எழுத்துரு என்றோ எழுதியிருந்தால், இது படிப்புத்தானா என்ற வினா பெரியோர் நடுவே எழுவது இயல்பாகவே இருக்கிறது. அவ்வினாவிற்கு மதுரைத் தெருவிலேயே விடை உண்டு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, சௌராட்டிர நெசவாளர் கைவிரல் நுனியில் நூல் முடிச்சிட்டுப் புள்ளி புள்ளியாக உருவாக்கிய வடிவமைப்பு. இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவனவற்றுள் பெரும்பகுதி அச்சிட்ட புள்ளிகள். முடிச்சுக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு சொல்லவும், பழையதன் உயிர் கெடாமல் புதியதை ஆக்கவும் பயின்ற கண் வேண்டும். சாத்திரதானம் என்று முன்னோர் சொன்னதில் சுவடியும் எழுத்தாணியும் அடங்கியிருந்தன. எழுத்தின் வடிவத்தை ஆராய்பவனை அதிலிருந்து விலக்க வழியில்லை.

கீழக்குயில்குடியில், மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் கடந்து மேற்குப்புறமாக நடந்தால் செட்டிப்புடவு வரும். குகை முகப்பில் அமர்ந்த தீர்த்தங்கரர் திருமேனியின் கீழே வட்டெழுத்து. குறண்டி அட்டோபவாசி படாரர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசைப்படுத்துகிறது அது. பின்னர், அமிர்தபராக்கிரமநல்லூர் என்று அந்நாளில் பெயர் பெற்ற இக்குயிற்குடி ஊரார் பேரால் இத்திருமேனி செய்விக்கப்பட்டது என்கிறது. தனியொருவர் பெயர் அங்கே கொடையாளியாக இல்லை. ஊர் முழுவதும் கொடையாளி. இறுதியில், இதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசனுடையதன்று, அதிகாரியுடையதன்று: பள்ளிச் சிவிகையாருடையது, அதாவது பள்ளியின் பல்லக்குச் சுமப்போருடையது.